ஒரு குறிக்கு இரண்டு வேலை



1931ஆம் ஆண்டு ஜூலை 31. அமெரிக்காவில் வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வேதியியல் சொற்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆஸ்டின் பேட்டர்சன் அன்றைக்கு ஒரு சீட்டைத் தட்டச்சு செய்தார். ‘டென்சிட்டி’, அதாவது அடர்த்தி, என்பதைச் சுருக்கி எழுத பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’ போடலாம் என்பதுதான் செய்தி. ஆங்கிலத்தில் அது ‘டி ஆர் டி’ என்று ஆகிறது. நடுவில் உள்ள ‘ஆர்’ என்பது ‘அல்லது’.

சீட்டு சுருக்கங்களின் கட்டுக்குப் போயிருக்க வேண்டும். சொற்களின் கட்டில் போய்ச் சேர்ந்தது. அந்த அலுவலகத்தில் தலைச்சொல்லை எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அடிக்கும் வழக்கம் இருந்ததால், சீட்டை எடுத்தவர் எல்லா இடைவெளியையும் எழுத்துகளுக்கு நடுவே விட்ட இடைவெளி என்றே எடுத்துக்கொண்டார். 1934இல் அகராதி வெளிவந்தபோது ‘டோர்ட்’ என்று ஒரு புதிய சொல் அதில் இருந்தது. உச்சரிப்பு, பெயர்ச்சொல் என்ற குறிப்பு, இயற்பியல்–வேதியியல் என்ற துறை, ‘அடர்த்தி’ என்ற பொருள் எல்லாம் முறையாக இருந்தன. சொற்பிறப்பு மட்டும் இல்லை. 1939 பிப்ரவரி 28 அன்று ஓர் ஆசிரியரின் கண்ணில் அந்த வெற்றிடம் பட்டது. ‘டோர்ட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கணிப்பொறி அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் இன்றைக்குச் சொற்பட்டியலைக் கணிப்பொறி அகராதிக்குள் ஏற்றுகிறவர்கள் படும் பாடு முழுவதும் இந்த ஒரு சீட்டில் அடங்கியிருக்கிறது. இடைவெளி என்ற ஒரு குறி இரண்டு வேலை பார்த்தது. சொல்லைச் சொல்லிலிருந்து பிரிப்பது ஒன்று, எழுத்தை எழுத்திலிருந்து தள்ளி வைப்பது மற்றொன்று. எழுதியவர் ஒரு வேலையை நினைத்து எழுதினார், படித்தவர் மற்றதை நினைத்துப் படித்தார்.

இன்றைய பேச்சின் பொருள், பிரிகுறியிட்ட உரைக்கோப்பிலிருந்து அகராதி மென்பொருளுக்குள் சொற்களை ஏற்றுவது. பெயர்தான் நீளம், வேலை சின்னது போலத் தெரியும். ஒரு மொழிபெயர்ப்பாளரோ ஆசிரியரோ பல ஆண்டுகளாகச் சேர்த்த சொற்கள் ஒரு எக்செல் தாளில் கிடக்கின்றன. வரிக்கு ஒரு சொல். முதல் பத்தியில் சொல், இரண்டாவதில் பொருள், மூன்றாவதில் குறிப்பு. அதை வெறும் உரைக்கோப்பாகச் சேமித்தால் பத்திக்கும் பத்திக்கும் நடுவே ஒரு காற்புள்ளியோ டேப்போ நிற்கும். அகராதி மென்பொருள் அந்தக் குறியைக் கண்ட இடத்தில் வரியை வெட்டி, துண்டுகளை அதனதன் அறையில் வைத்துக்கொள்ளும்.

உலகம் முழுவதும் பல அகராதி மென்பொருள்கள் இந்த எளிய ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்தும் ஒமேகா-டி என்ற கட்டற்ற மென்பொருளில், திட்டத்தின் சொற்பட்டியல் கோப்புறைக்குள் ஒரு டேப் கோப்பைப் போட்டால் போதும்: முதலில் மூலச்சொல், அடுத்து இலக்குச்சொல், அதற்கடுத்துக் குறிப்பு. ஸ்டார்டிக்ட் அகராதிக்கும் மூலப்பொருள் டேப் கோப்புதான்; சொல், ஒரு டேப், பொருள். சொற்களை மனப்பாடம் செய்ய மாணவர்கள் வைத்திருக்கும் அங்கி செயலியும் இதே கோப்பை வாங்கிக்கொள்ளும். ஜப்பானியத் தட்டச்சு மென்பொருள்களின் சொந்த அகராதியில் ஒலிப்பு, சொல், சொல்வகை என்று டேப் இட்ட மூன்று பத்திகள்.

சொற்களைப் பத்தி பிரித்து வைக்கும் யோசனை தமிழுக்குப் புதிதல்ல. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று வந்த நிகண்டுகள் செய்யுளாக இருந்தன. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை மனப்பாடம் செய்தவரின் காதுதான் தீர்மானிக்க வேண்டும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபோது சொற்களைச் செய்யுளிலிருந்து கழற்றி அகரவரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவாக வைத்தார். இன்றைய மொழியில் சொன்னால், பிரிகுறி இல்லாத தரவுக்குப் பிரிகுறி போட்டார்.

ஓலைச்சுவடியில் நிலைமை இன்னும் கடினம். புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள்; சொல்லுக்குச் சொல் இடம் விடுவதும் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரும் அவர் காலத்துப் பதிப்பாசிரியர்களும் செய்த வேலையில் கணிசமான பங்கு, எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்ததுதான். வெட்டு மாறினால் பொருள் மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். கணிப்பொறிக்குத் தெரியாது.

கணிப்பொறி உலகத்தினரும் முதலில் இதைச் சரியாகத்தான் யோசித்தார்கள். ஆஸ்கி என்ற பழைய குறியீட்டு அட்டவணையில் 28 முதல் 31 வரையுள்ள நான்கு இடங்களைப் பிரிப்பதற்கென்றே ஒதுக்கினார்கள்: கோப்பைப் பிரிக்க ஒன்று, தொகுதியைப் பிரிக்க ஒன்று, பதிவைப் பிரிக்க ஒன்று, பதிவுக்குள் உள்ள துண்டைப் பிரிக்க ஒன்று. எந்த மொழியின் எந்தச் சொல்லிலும் இந்தக் குறிகள் வராது. ஒரு குறிக்கு ஒரே வேலை. ஆனால் தட்டச்சுப் பலகையில் அவற்றுக்கு விசை கிடையாது. திரையில் பார்த்தால் கண்ணுக்கும் தெரியாது. மக்கள் கைக்கு எட்டிய காற்புள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். 1972இலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஒரு ஃபோர்ட்ரான் மொழிமாற்றி காற்புள்ளியிட்ட தரவைப் படித்தது. சி.எஸ்.வி. என்று இன்று எல்லோரும் அழைக்கும் அந்த வடிவத்துக்கு எழுத்தில் ஒரு வரையறை வந்தது 2005 அக்டோபரில், ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணமாக. நடுவே 33 ஆண்டுகள் அவரவர் மனம்போல் எழுதியிருந்தார்கள். அந்தப் பழைய பழக்கங்கள் இன்றும் கோப்புகளில் உயிரோடிருக்கின்றன.

காற்புள்ளி அகராதிக்கு ஏன் ஆகாது என்பதற்கு ஒரு வரி போதும். ‘அகம்’ என்ற சொல்லுக்கு ‘வீடு, மனம், உள்ளிடம்’ என்று பொருள் எழுதியிருக்கிறார் ஒருவர். மனிதருக்கு அது ஒரே பத்தி. மென்பொருளுக்கோ வீடு பொருள் பத்தியில், மனம் குறிப்புப் பத்தியில், உள்ளிடம் எந்தப் பத்தியும் இல்லாத வெளியில். அகராதியில் பொருள்களைக் காற்புள்ளியால் அடுக்குவது நூற்றாண்டு வழக்கம். அதே குறியைக் கோப்புக்கும் வேலியாக வைத்தால் இப்படித்தான்.

இதற்கு ஆர்.எஃப்.சி. 4180 சொல்லும் மருந்து இரட்டை மேற்கோள். காற்புள்ளி உள்ள துண்டை மேற்கோளுக்குள் வைத்துவிட வேண்டும். துண்டுக்குள்ளேயே மேற்கோள் வந்தால் அதை இரண்டு முறை போட வேண்டும். மருந்து நல்லதுதான், பத்தியம்தான் கடினம். வேர்டு மென்பொருளில் எழுதியவருக்கு வளைந்த மேற்கோள் தானாக விழும். கோப்பைப் படிக்கும் மென்பொருளுக்கு நேர் மேற்கோள்தான் மேற்கோள், வளைந்தது சாதாரண எழுத்து. இன்னொருவர் குழாயின் அளவை எழுதும்போது அங்குலத்தைக் குறிக்க அதே இரட்டைக் கோட்டைப் போடுகிறார். திறந்த மேற்கோள் மூடப்படவில்லை என்று நினைக்கும் மென்பொருள், அடுத்த மேற்கோள் கிடைக்கும்வரை வருகிற வரிகளையெல்லாம் ஒரே பொருளாக விழுங்கிக்கொண்டே போகும். நானூறு சொற்கள் ஒரே சொல்லின் பொருளாக முடிந்துபோகலாம். பல மென்பொருள்களில் பிழைச்செய்தியும் வராது.

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் பதின்மப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள். அதனால் அங்குள்ள எக்செல், ‘காற்புள்ளிக் கோப்பு’ என்ற பெயரில் சேமித்தாலும் பத்திகளுக்கு நடுவே அரைப்புள்ளியை வைக்கிறது. பாரிஸில் இருக்கும் தமிழர் ஒருவர் அனுப்பிய பட்டியல் சென்னையில் திறந்தால் ஒரே பத்தியாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அரைப்புள்ளி என்றதும் பாமினியைச் சொல்லாமல் போக முடியாது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பல ஆண்டுகள் கோலோச்சிய எழுத்துரு அது. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் பாமினியில் அடித்த சொற்பட்டியல்கள், பாடநூல்கள், இதழ்கள் ஏராளம். அதன் ஏற்பாடு எளிமையானது: கோப்புக்குள் இருப்பது ரோமன் எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும்தான், எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வேஷத்தைப் போட்டுக் காட்டும். அந்த வேஷத்தில் காற்புள்ளிக்குக் கிடைத்த பாத்திரம் ‘இ’. அரைப்புள்ளிக்குக் கிடைத்தது மெய்யெழுத்தின் புள்ளி!

விளைவை யோசித்துப் பாருங்கள். பாமினியில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ‘இலங்கை’ என்பது காற்புள்ளியில் தொடங்கி, நடுவில் ஓர் அரைப்புள்ளியும் கொண்ட ஆறு விசைகள். அரைப்புள்ளியால் பிரிக்கும் மென்பொருளிடம் இந்தக் கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் சொல் அறுபடும். காற்புள்ளியால் பிரித்தால் ‘இலங்கை’ தன் முதலெழுத்தைப் பறிகொடுத்து, முதல் பத்தி காலியாகி, ‘லங்கை’ பொருள் பத்தியில் போய் உட்காரும். சரி, முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு பிரிக்கலாம் என்றால், மாற்றி மென்பொருள் வேலியாக நின்ற காற்புள்ளிகளையும் சேர்த்து ‘இ’ ஆக்கிவிடும். கோப்பில் ஆங்கிலப் பத்தி ஒன்று இருந்தால் அதுவும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும்.

இதிலிருந்து மீளும் வழி ஒன்று உண்டு. டேப்பை எந்தப் பழைய தமிழ் எழுத்துருவும் எழுத்தாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலை டேப் கோப்பாகச் சேமித்து, முதலில் பத்திகளைப் பிரித்து, தமிழ் உள்ள பத்தியை மட்டும் யூனிகோடுக்கு மாற்றினால் இலங்கை முழுசாக வந்து சேரும். டேப் கோப்புக்கு 1993இலேயே இணைய வகைப் பதிவு கிடைத்தது. அதன் விதியும் ஒரு வரிதான், துண்டுக்குள் டேப் வரக் கூடாது. மேற்கோள் சடங்கு எதுவும் வேண்டாம். பழைய சொற்பட்டியல்களைக் கையாள்கிறவர்கள் டேப்பையே விரும்புவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

யூனிகோடுக்கு வந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. தொல்லை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. ‘தமிழ்’ என்ற சொல்லுக்குள் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், 15 பைட்டுகள். விண்டோஸில் அப்படிப்பட்ட சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், எக்செல் அதைப் பழைய ஐரோப்பியக் குறியாக்கம் என்று நினைத்து, தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்துகளும் வட்டத்துக்குள் அடைபட்ட எழுத்துகளுமாகக் கொட்டும். தமிழில் கோப்பு அனுப்பிய எவரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். அதைத் தடுக்க, கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டு அடையாளம் ஒன்றை வைப்பது வழக்கம். எக்செல் அதைப் பார்த்துத் தெளிந்துவிடும். ஆனால் அந்த அடையாளத்தை எதிர்பார்க்காத அகராதி மென்பொருள், அதை முதல் சொல்லோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் முதல் சொல் ‘அ’ என்றால், திரையில் ‘அ’ இருக்கும். ‘அ’ என்று தேடினால் கிடைக்காது. மற்ற எல்லாச் சொல்லும் கிடைக்கும்.

இதுவரை பார்த்தவை ஒரு குறிக்கு இரண்டு வேலை என்ற வகை. தமிழில் இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஒரே உருவத்துக்கு இரண்டு எழுத்துக்கூட்டு.

‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு ஒன்றுதான். கோப்புக்குள் அதன் முதலெழுத்து இரண்டு விதமாக இருக்க முடியும். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகப் போடுவது இன்னொரு விதம். முதலாவது 6 பைட்டு, இரண்டாவது 9 பைட்டு. இரண்டும் ஒன்றேதான் என்று யூனிகோட் விதி சொல்கிறது. ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ‘இயல்பாக்கம்’ என்ற வழியும் வைத்திருக்கிறது. ஏற்றும் மென்பொருள் அந்த வழியில் போகாவிட்டால் அகராதியில் இரண்டு ‘கொடி’ படரும்; தேடுபவரின் விசைப்பலகை எந்த விதமாக அடிக்கிறதோ அந்தக் கொடி மட்டும் கைக்கு வரும்.

இயல்பாக்கத்தால் தீராததும் இருக்கிறது. ‘கௌரவம்’ என்பதில் இருக்க வேண்டியது ஔகாரக் குறி. பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடித்து அதே உருவத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ‘ஔவை’ பல கோப்புகளில் ஒகரமும் ளகரமுமாக உட்கார்ந்திருக்கிறார். கணிப்பொறிக்கு அவர் ‘ஒ-ள-வை’. தமிழ் எண் ஒன்றும் ககரமும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஏழும் எகரமும், எட்டும் அகரமும் அப்படியே. காலுக்குப் பதில் ரகரம் விழுந்த சொற்கள், படத்திலிருந்து எழுத்தெடுத்த பட்டியல்களில் எத்தனையோ. ‘பக்ஷி’ என்று எழுதும்போது க்-உம் ஷ-வும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் செருகும் அகலமில்லாத குறி ஒன்று உண்டு. அதைக் கண் பார்க்காது, தேடல் பார்க்கும். இவற்றையெல்லாம் தமிழ் தெரிந்த ஒருவர்தான் விதி எழுதித் தேடிப் பிடிக்க வேண்டும். ளகரம் நேராக ஒற்றைக்கொம்பை அடுத்து வருகிற எல்லா இடத்தையும் பட்டியலிட்டுப் பார்த்தால் ‘வெள்ளம்’ போன்ற நியாயமான சொற்களும் கூடவே வந்து நிற்கும். ஒட்டுமொத்தமாக மாற்றிவிட்டால் வெள்ளம் வடிந்துபோகும்.

பட்டியல் எக்செல் வழியாக வருவதால், எக்செல் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டுவதையும் சொல்ல வேண்டும். உலகறிந்த கதை மரபணுக்களுடையது. ‘செப்டின்’ குடும்பத்து மரபணு ஒன்றுக்கு ‘செப்ட்2’ என்று சுருக்கப் பெயர். எக்செல் அதைச் செப்டம்பர் 2ஆம் தேதி என்று மாற்றியது. ‘மார்ச்1’ மார்ச் முதல் தேதியானது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த அறிவியல் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதைக் காட்டியது. 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் அமைப்பு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மென்பொருள் தன் இயல்பை மாற்றிக்கொள்ள வழிவிட்டது 2023இல்தான். தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி அப்போது வந்தது.

தமிழ் அகராதிக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. வேற்றுமை உருபுகளைத் தலைச்சொல்லாக ஏற்றுகிறவர்கள், அவை தனித்து நிற்காதவை என்று காட்ட முன்னால் ஒரு சிறு கோடு போடுவார்கள்: -ஐ, -ஆல், -கு. எக்செல்லுக்கு அந்தக் கோடு கழித்தல் குறி. ‘ஆல்’ என்ற எதையோ கழிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, அப்படி ஒரு பெயரே இல்லை என்று பிழைச்செய்தியை அந்த அறையில் எழுதி வைக்கும். கோப்பைச் சேமித்தால் அந்தப் பிழைச்செய்திதான் சேமிக்கப்படும். அகராதியில் மூன்றாம் வேற்றுமை இருந்த இடத்தில் ஆங்கிலப் பிழைச்செய்தி நிற்கும். சென்னையின் தொலைபேசிக் குறியீடு 044 என்பது 44 ஆவதும் இதே குணத்தால்தான். பத்தியின் வகையை ‘உரை’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கோப்பைச் சொடுக்கித் திறக்காமல் ‘இறக்குமதி’ வழியாகத் திறந்தால் இவை நேராது.

இன்னொரு கதை இங்கிலாந்தில் நடந்தது. 2020இல் கொரோனா பரிசோதனை முடிவுகள் ஆய்வகங்களிலிருந்து சி.எஸ்.வி. கோப்புகளாக வந்தன. அவற்றைப் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்லும் வேலையும் தாமதமானது. அகராதியில் சொல் விடுபட்டால் யாருக்கும் காய்ச்சல் வராது. ஆனால் விடுபடும் விதம் ஒன்றுதான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள், பிற்சேர்க்கையோடு 1,17,762. அதை அந்தப் பழைய வடிவத்தில் ஒரே தாளாக ஏற்ற நினைத்தால் பாதிக்குச் சற்று மேல்தான் உள்ளே போகும்.

ஏறிவிட்ட பிறகும் சொல் கிடைக்காமல் போகலாம். இதற்குக் காரணம் அகரவரிசை. தமிழ் மரபில் மெய்கள் ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடியும். யூனிகோடில் ன நகரத்தை ஒட்டியும், ற ரகரத்தை ஒட்டியும், ள, ழ இரண்டும் வகரத்துக்கு முன்னாலும் இருக்கின்றன. எனவே பேரகராதியில் ‘அம்மா’ முன்னால், ‘அன்பு’ பின்னால். கணிப்பொறியின் இயல்பான வரிசையில் அன்பு முந்திக்கொள்ளும். ‘அவை’யும் ‘அற’மும் அதே போல இடம் மாறும். புள்ளி வைத்த எழுத்து மரபுப்படி முதலில் வர வேண்டும். கணிப்பொறியில் புள்ளிதான் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருகிறது.

படிக்கும்போது உறுத்தும், அவ்வளவுதானே என்று விட முடியாது. ஸ்டார்டிக்ட் போன்ற மென்பொருள்கள் சொல்லைத் தேடும் முறை, தொலைபேசிப் புத்தகத்தை நடுவில் பிரித்து, முன்னாலா பின்னாலா என்று பார்த்து, மறுபடி பாதியைப் பிரிப்பது போன்றது. அட்டவணை பைட்டு வரிசையில் இருக்கிறது என்று நம்பித்தான் அது பிரிக்கிறது. தமிழ்ப் பற்றோடு யாராவது அட்டவணையைத் தமிழ் அகரவரிசையில் அடுக்கிக் கொடுத்தால், தேடல் தவறான பாதிக்குள் போய், அங்கே இல்லாததைப் பார்த்து, ‘இல்லை’ என்று திரும்பிவிடும். சொல் அகராதிக்குள்தான் இருக்கும். சரியான வழி, தேடும் அட்டவணையை மென்பொருளின் வரிசையில் விட்டுவிட்டு, காட்டும் வரிசையைத் தனியே தமிழ் முறையில் அமைப்பது. அதே ஸ்டார்டிக்டில் தலைச்சொல் 256 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்றும் விதி உண்டு. மூன்றால் வகுத்தால் தமிழுக்கு 85 குறிகள். தனிச்சொல்லுக்கு இது தாராளம். பழமொழி அகராதி ஏற்றுகிறவர் நீளத்தை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, ஒரே தலைச்சொல் இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி. இதைக் கேட்பது மென்பொருள், பதில் சொல்ல வேண்டியவர் அகராதியாசிரியர். அகராதியில் ஏற்கெனவே ‘ஆறு’ இருக்கிறது, பொருள் நதி. புதிய கோப்பில் ‘ஆறு’ வருகிறது, பொருள் ஐந்துக்கு அடுத்த எண். மாற்றி எழுதவா, சேர்க்கவா, விட்டுவிடவா? அங்கி செயலி தன் போக்கில் முதல் பத்தியைப் பார்த்து ஒன்றுபோல இருந்தால் பழையதைப் புதுப்பிக்கும். எண் வரும், நதி வற்றும். ‘படி’, ‘மாலை’, ‘திங்கள்’ என்று தமிழில் இப்படிப் பல பொருள் சுமக்கும் சொற்கள் ஏராளம் என்பதால், சொல்லை மட்டும் அடையாளமாக வைப்பது ஆபத்து. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்ணை முதல் பத்தியாகக் கொடுத்துவிட்டால் ஆறு இரண்டும் தனித்தனியே ஓடும்.

வட்டார வழக்குக்கும் ஒரு பத்தி வேண்டும். தமிழ்நாட்டில் மிதிவண்டி, இலங்கையில் துவிச்சக்கரவண்டி. இங்கே கணினி, அங்கே கணனி. இரண்டையும் ஒரே பத்தியில் சாய்கோடு போட்டு எழுதினால் படிப்பவருக்குப் புரியும். மொழிபெயர்ப்பு மென்பொருளோ சாய்கோட்டையும் சேர்த்து அப்படியே எடுத்து வாக்கியத்தில் வைக்கும். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய நூலில் எந்தச் சொல் விழ வேண்டும் என்பதை மூன்றாவது பத்தியில் ‘இலங்கை’ என்ற ஒரு சொல் தீர்த்துவைக்கும். அகராதிகளில் அடைப்புக்குறிக்குள் போட்டுப் பழகிய ‘பெ.’, ‘வி.’, ‘பே.வ.’ போன்ற குறிப்புகளுக்கும் இதே நியாயம்.

இவ்வளவையும் எப்படிச் சமாளிக்கிறார்கள்? கைதேர்ந்தவர்களின் பழக்கம் எளிமையானது. மூலக் கோப்பைத் தொட மாட்டார்கள். படி எடுத்துத்தான் வேலை. முழுப் பட்டியலையும் ஏற்றுவதற்கு முன் சில வரிகளை மட்டும் ஏற்றிப் பார்ப்பார்கள். வரிகளை எண்ணுவார்கள்: கோப்பில் எத்தனை, அகராதியில் எத்தனை. ஒவ்வொரு வரியிலும் எத்தனை டேப் இருக்கிறது என்று எண்ணினால், இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றோ மூன்றோ உள்ள வரிகள் தாமாக எழுந்து நிற்கும். காலியான பத்திகளைத் தனியே எடுத்துப் பார்ப்பார்கள். ‘டோர்ட்’டைக் காட்டிக்கொடுத்ததும் ஒரு காலிப் பத்திதான். கடைசியாக, அகராதியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கோப்பாக வெளியே எடுத்து, உள்ளே போனதோடு வரிக்கு வரி ஒப்பிடுவார்கள்.

இன்று மாலை வீட்டுக்குப் போய் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சோதனைக் கோப்பு. முதல் வரியில் ‘அ’. அடுத்து, மூன்று பொருளும் காற்புள்ளியோடு ‘அகம்’. ‘கொடி’ இரண்டு விதமாக, இரண்டு வரிகளில். ‘ஔவை’, சரியான ஔகாரத்தோடு. ‘ஆறு’ இரண்டு முறை. கோட்டோடு ‘-ஆல்’. பொருளுக்குள் அங்குலக் குறி உள்ள ஒரு குழாய். குறிப்புப் பத்தியில் 044 உள்ள ‘சென்னை’. மொத்தம் பத்து வரி. உங்கள் மென்பொருளில் இதை ஏற்றி, வெளியே எடுத்து, ஒப்பிட்டுப் பாருங்கள். கொடி ஒன்றாகியும், மற்ற எட்டு வரியும் போனபடியே திரும்பியும் வந்தால், பதினோராவது வரியாகப் பேட்டர்சனின் சீட்டையும் சேர்த்துவிடலாம். சொல்வகைப் பத்தியில் மறக்காமல் ‘சுருக்கம்’ என்று போட்டு.